‘நீ ரொம்ப யோசிக்கிற, அதான்’: எம்.எஸ். நோயோடு நான் கற்றுக்கொண்டது

2016 ஏப்ரல் மாதம். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்பு மை மங்கலாக விழுகிறதே என்று பேனாவை மாற்றினேன், புதுப் பேனாவும் அப்படியே எழுதியது. இடது கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கியபடி வலது கண்ணால் மட்டும் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கண்ணுக்குச் சிவப்பு சிவப்பாகவே இல்லை, செங்கல் தூளைத் தண்ணீரில் கரைத்த மாதிரி ஒரு நிறம். கண்ணை அசைத்தால் உள்ளே வலி. கண்ணாடி பவர் கூடியிருக்கும் என்று நினைத்துத்தான் கண் டாக்டரிடம் போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பார்வை நரம்பில் அழற்சி இருக்கிறது, நாளைக்கே நியூராலஜிஸ்டைப் பாருங்கள் என்றார். எம்.ஆர்.ஐ., முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்கும் பரிசோதனை, தினம் ஒரு கிராம் வீதம் 5 நாள் ஸ்டீராய்டு டிரிப் எல்லாம் முடிந்து கையில் வந்த பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ்.

நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ளே புகுந்து, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையை அரித்துவிடுகின்றன. உறை போன இடத்தில் சேதி தாமதமாகப் போகும், சில சமயம் போகவே போகாது. எந்த இடம் அடிபடுகிறதோ அதைப் பொறுத்து கண், கை, கால், சிறுநீர்ப்பை, ஞாபகம் என்று எதுவும் பாதிக்கப்படலாம். நோயைப் பற்றி இதற்கு மேல் இங்கே விளக்கப்போவதில்லை. நான் எழுத வந்தது வேறொரு கேள்வியைப் பற்றி: நான் கவலைப்பட்டதால்தான் இந்த நோய் வந்ததா? இந்த ஒன்பது வருஷத்தில் மருந்தைவிட, பணத்தைவிட, என்னை அதிகம் வாட்டியது அந்தக் கேள்விதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் என் சித்தி ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, அன்பாகத்தான், தலையைத் தடவியபடி சொன்னார்: “நீ சின்ன வயசுலேர்ந்தே எதையும் மனசுல போட்டுக் குழப்பிக்குவ. ரொம்ப யோசிக்கிற, அதான் நரம்புல வந்துருச்சு.” அப்புறம் இதே வாக்கியத்தை நாத்தனார் சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். ஒரு கட்டத்தில் நானே எனக்குச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

அது முழுசாக என்மேல் விழுந்தது 2019-ல்.

என் பிறந்த ஊர் பேராவூரணிப் பக்கம். அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறி வந்து அந்த வட்டாரத்தில் என்ன செய்தது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் திருச்சியிலிருந்து வழியெல்லாம் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது, அப்பா தோப்பில் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷ மரங்கள். எங்களைப் பார்த்ததும் “சாப்பிட்டீங்களா” என்று மட்டும் கேட்டார். அடுத்த நான்கு வாரத்தில் மாரடைப்பில் போய்விட்டார். வாராவாரம் திருச்சிக்கும் ஊருக்கும் அலைச்சல், கரண்ட் இல்லாத வீடு, கொசு, தூக்கம் கிடையாது, அப்புறம் காரியம், சொந்தக்காரர்கள், நிவாரணத்துக்கான தாள்கள். ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது தொப்புளுக்குக் கீழே உடம்பு என்னுடையது மாதிரி இல்லை. விலாவைச் சுற்றி யாரோ ஈரத் துணியை முறுக்கிக் கட்டியது போல் ஓர் இறுக்கம். தரை தெரிகிறது, கால் அதில் படுவது தெரியவில்லை. தண்டுவடத்தில் புது ரிலாப்ஸ், அதாவது நோயின் புதுத் தாக்குதல்.

“அழுது அழுது நீயா வரவழைச்சுக்கிட்ட” என்று ஒருவர் சொன்னார். யாரென்று சொல்ல விரும்பவில்லை, அவரும் துக்கத்தில் இருந்தவர். அப்பாவுக்காக அழுதது தப்பு என்றாகிவிட்டதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் நியூராலஜிஸ்டிடம் நேரடியாகவே கேட்டேன். நான் கவலைப்பட்டதால்தான் இது வந்ததா? அவர் எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அன்றைக்குக் கம்ப்யூட்டர் பக்கமிருந்து நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பேசினார். “டீச்சர், புயல்ல உங்க ஊர்ல எல்லாருக்கும்தான் மரம் விழுந்துச்சு. எல்லாருக்குமா எம்.எஸ். வந்துச்சு? உங்களுக்கு நோய் ஏற்கெனவே இருக்கு. அந்த ரெண்டு மாசத்துல நீங்க எத்தனை நாள் மாத்திரைய விட்டீங்க? சளி, காய்ச்சல் வந்துச்சா? எத்தனை மணி நேரம் தூங்குனீங்க? இதுல எது காரணம்னு என்னாலயும் சொல்ல முடியாது, வேற யாராலயும் சொல்ல முடியாது. ஆனா மூளைக்கும் எதிர்ப்பு சக்திக்கும் பேச்சுவார்த்தையே இல்லைன்னும் நான் சொல்ல மாட்டேன். இருக்கு. அது உங்க குற்றம்னு அர்த்தம் இல்ல.”

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைப் புரிந்துகொள்ளத்தான் அப்புறம் நிறையப் படித்தேன். நான் படித்தது வணிகவியல். எனவே டாக்டரிடம் கேட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு, சரிதான் என்று உறுதியானதை மட்டும் எழுதுகிறேன்.

இந்தச் சந்தேகம் புதிது இல்லை. 1868-ல் இந்த நோயைத் தெளிவாக வரையறுத்துச் சொன்ன பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோவே, நீண்ட துக்கமும் மனவேதனையும் இதோடு சேர்ந்து வருவதாகக் குறித்திருக்கிறார். ஆனால் அது எப்படி என்று சொல்ல அன்று வழி கிடையாது. எதிர்ப்பு மண்டலம் தன்பாட்டுக்கு இயங்குவது, மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள்.

அந்த நினைப்பை அசைத்தது எலிகள். 1975-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஆடெர், நிக்கோலஸ் கோஹென் என்ற இருவர், எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தையும் ஏற்றினார்கள். அப்புறம் மருந்தே இல்லாமல் இனிப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தபோதும் அந்த எலிகளின் எதிர்ப்பு சக்தி குறைந்தது. நாக்கில் பட்ட ஒரு ருசியை மூளை ஞாபகம் வைத்துக்கொண்டு, ரத்தத்தில் இருக்கும் அணுக்கள்வரை சேதி அனுப்பியிருக்கிறது. 1982-ல் அதே இருவர் லூபஸ் என்ற ஆட்டோஇம்யூன் நோய் (எம்.எஸ். போல எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடம்பையே தாக்குவது) உள்ள சுண்டெலிகளிடம் இதையே செய்து பார்த்தார்கள். மருந்தைப் பாதித் தடவை மட்டும் கொடுத்து, மீதித் தடவை வெறும் இனிப்புத் தண்ணீர் கொடுத்தும் நோய் தள்ளிப்போனது. இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சேதி போகும் வழி ஒன்றுக்கு மேல் இருக்கிறது. மூளை அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லி கார்டிசோலைச் சுரக்க வைப்பது ஒரு வழி. கார்டிசோல் என்பது நமக்கு டிரிப்பில் ஏற்றுகிறார்களே அந்த ஸ்டீராய்டின் இயற்கையான உறவுக்காரர், அழற்சியை அடக்குவது. அப்படியென்றால் கவலை வந்தால் நோய் அடங்க வேண்டுமே என்று நானும் கேட்டேன். கொஞ்ச நேரக் கவலைக்கு அது சரி. மாதக்கணக்கில் கவலை நீடித்தால் எதிர்ப்பு அணுக்கள் கார்டிசோலின் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கின்றன என்கிறார்கள். வகுப்பில் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும் டீச்சரின் குரலுக்குப் பிள்ளைகள் பழகிப்போவது போலத்தான்.

இரண்டாவது வழி நேரடி நரம்பு. மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும், எதிர்ப்பு அணுக்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நரம்பு முனைகள் வந்து நிற்பதை 1980-களில் காட்டினார்கள். 2000-ல் கெவின் டிரேசி என்ற அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவரின் குழு, கழுத்து வழியாக வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் எலிகளின் உடம்பில் டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருள் குறைவதைக் கண்டது. அந்த வழியில் உருவான ஒரு சின்னக் கருவியை, கழுத்தில் பொருத்திக்கொள்வதற்கு, 2025-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்திருக்கிறது. ஆனால் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கு (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்). எம்.எஸ்.ஸுக்கு இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘வேகஸ் நரம்பைத் தூண்டுங்கள், ஆட்டோஇம்யூன் நோய் ஓடிவிடும்’ என்று வரும் வீடியோக்களை எனக்கு வாரத்துக்கு ஒருவராவது அனுப்புகிறார்கள். ஹம்மிங் செய்வதும் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவதும் மனசுக்கு இதமாக இருக்கும், செய்யுங்கள். அறுவை செய்து பொருத்தும் மின்கருவியின் பலனை அதன் பேரில் எழுதிக்கொள்வது மட்டும் நியாயமில்லை.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஜப்பானிய ஆய்வு. எம்.எஸ். போன்ற நோயை உண்டாக்கிய சுண்டெலிகளில், மூளை, தண்டுவட ரத்தக்குழாய்களின் சுவரில் இருக்கும் தடுப்பைத் தாண்டி அணுக்கள் எந்த வாசல் வழியாக நுழைகின்றன என்று மசாக்கி முரகாமியின் குழு தேடியது. தண்டுவடத்தின் இடுப்புப் பகுதியில், ஐந்தாவது துண்டின் ரத்தக்குழாய்களில் முதல் வாசல் இருந்தது. ஏன் அங்கே? நிற்கும்போது புவியீர்ப்புக்கு எதிராக ஓயாமல் வேலை செய்யும் கெண்டைக்கால் தசையிலிருந்து வரும் உணர்வு நரம்புகள் அந்த இடத்தில்தான் வந்து சேர்கின்றன. அந்தச் சேதி அங்கே இருக்கும் ரத்தக்குழாயை மாற்றி, எதிர்ப்பு அணுக்களை அழைக்கும் வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது. எலியின் வாலைத் தூக்கிப் பிடித்துப் பின்னங்காலுக்குப் பாரம் இல்லாமல் செய்தபோது அந்த வாசலில் கூட்டம் குறைந்தது. இது 2012-ல் வந்தது. பிறகு அதே குழு, தூக்கம் கெடுவது போன்ற நீண்ட அழுத்தம் எலி மூளைக்குள் வேறொரு ரத்தக்குழாய் வாசலைத் திறப்பதையும் காட்டியது. நரம்பு மண்டலம் தாக்கப்படும் இடம் மட்டும் இல்லை, எந்தக் கதவு திறக்க வேண்டும் என்பதிலும் அதற்கு ஒரு கை இருக்கிறது. எலியில்தான், மனிதரில் இப்படியே என்று யாரும் சொல்லவில்லை. (இதைப் படித்துவிட்டு நிற்பதையே விட்டுவிடாதீர்கள். எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி நல்லது என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடே கிடையாது.)

சரி, மனிதர்கள்? 2004-ல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை, மன அழுத்தம் தரும் நிகழ்வுகளுக்குப் பிறகு ரிலாப்ஸ் கூடுகிறது என்றது. 2006-ல் லெபனானில் போர் நடந்தபோது பெய்ரூட்டில் எம்.எஸ். நோயாளிகளுக்கு ரிலாப்ஸ் கூடியது பதிவாகியிருக்கிறது. ஆனால் 1991 வளைகுடாப் போரில் இஸ்ரேல்மேல் ஏவுகணைகள் விழுந்த வாரங்களில் அங்கே ஒரு மருத்துவமனையின் நோயாளிகளைக் கவனித்தவர்கள் அதற்கு நேர்மாறாக ரிலாப்ஸ் குறைந்ததையே கண்டார்கள். சித்தியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. யோசித்தால் நோய் வரும் என்ற நேர்க்கணக்கு இங்கே செல்லாது. எவ்வளவு நாள் நீடித்தது, எந்த வகை, கூடவே கிருமித்தொற்று உண்டா, தூக்கம் போச்சா, மருந்து விட்டுப்போச்சா, எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

நான் கையில் எடுத்துக்கொண்டது 2012-ல் வந்த ஓர் ஆய்வை. டேவிட் மோர் என்ற உளவியலாளரின் குழு அமெரிக்காவில் 121 எம்.எஸ். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிப் பேருக்கு 24 வாரத்தில் 16 முறை தனித்தனியாக மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி கொடுத்தது. பயிற்சி நடந்த காலத்தில், எம்.ஆர்.ஐ.யில் புதிதாக ஒளிரும் புண் இல்லாமல் இருந்தவர்கள் அந்தப் பக்கம் சுமார் 77 சதவீதம், பயிற்சி இல்லாத பக்கம் சுமார் 55 சதவீதம். ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வித்தியாசம். ஆனால் பயிற்சி முடிந்த பின் வந்த 24 வாரத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை. பலரும் முதல் பாதியை மட்டும்தான் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவது பாதிதான் முக்கியம். மாத்திரை மாதிரிதான் இதுவும், எடுக்கிற வரைக்கும்தான் வேலை செய்யும். ஒரு வார முகாமுக்குப் போய்விட்டு வந்தால் போதாது.

இங்கே நான் செய்த பெரிய தப்பைச் சொல்லியாக வேண்டும். 2021-ல் பள்ளிகள் மூடி ஆன்லைன் வகுப்பாக இருந்த காலம். பஸ் அலைச்சல் இல்லை, தினம் எட்டு மணி நேரத் தூக்கம், காலையில் பிராணாயாமம், சாயங்காலம் மொட்டைமாடியில் நடை. உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. அப்போது டைமெத்தில் ஃபுமரேட் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போட்ட அரை மணியில் முகமெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரியும், வயிறு வேறு புரட்டும். மூளையே அழற்சியை அடக்கும் என்று இவ்வளவு படித்திருக்கிறோமே, இனி இது எதற்கு என்று டாக்டரிடம் சொல்லாமல் செப்டம்பரில் நிறுத்திவிட்டேன். ஐந்து மாதம் ஒன்றும் இல்லை. 2022 பிப்ரவரியில் இடது கையில் பாத்திரம் நிற்கவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கழுத்துத் தண்டுவடத்தில் இரண்டு புதுப் புண். அந்தக் கையின் இரண்டு விரல் நுனிகளில் மரப்பு இன்றுவரை போகவில்லை.

டாக்டர் திட்டவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி ஒன்று மட்டும் சொன்னார், வெளியே ஒரு ரிலாப்ஸ் தெரிவதற்குள் உள்ளே சத்தமில்லாமல் பல புண்கள் வந்து போயிருக்கும், அதனால் ‘நல்லா இருக்கேன்’ என்ற உணர்வை வைத்து மருந்தை முடிவு செய்யக் கூடாது. அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிடுக்சிமாப் டிரிப்புக்கு மாறினேன். (அதற்கு முன் காசநோயும் ஹெபடைடிஸ் பி-யும் இல்லையென்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும், மறக்காமல் கேளுங்கள்.) பிராணாயாமத்தை விடவில்லை. ஆனால் அது மருந்துக்குப் பக்கத்தில் உட்காரும், மருந்தின் நாற்காலியில் உட்காராது.

இன்னொரு தப்பு, இது என்னுடையது மட்டும் இல்லை. 2017 மே மாதம், கத்திரி வெயில். சத்திரம் பேருந்து நிலையத்தில் மதியம் இரண்டரை மணிக்கு இருபது நிமிஷம் பஸ்ஸுக்கு நின்றேன். வலது கண் மங்கியது, கால் இரண்டும் கெட்டித் தயிரில் நடப்பது போல் ஆனது. பயந்துபோய் ஆட்டோ பிடித்து ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனேன். ரிலாப்ஸ் என்று அன்றைக்கே அட்மிட் செய்து மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஏ.சி. அறையில் படுத்த ஒரு மணி நேரத்தில் கண் தெளிந்துவிட்டது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மூன்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை, சர்க்கரை ஏறியது. ஸ்டீராய்டு மனசை இப்படி ஆட்டும் என்று முன்பே சொல்லியிருந்தால் பாதிப் பயம் இருந்திருக்காது.

அது ரிலாப்ஸே இல்லை. மயலின் உரிந்த நரம்பு சூட்டைத் தாங்காது. உடம்பின் உள்சூடு அரை டிகிரி ஏறினாலே சேதி நின்றுபோகலாம், சூடு இறங்கினால் திரும்ப ஓடும். உடம்பை வருத்தி உழைத்தபின் நோயாளிகளின் பார்வை மங்கித் திரும்புவதை 1890-ல் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் குறித்து வைத்தார், சூடுதான் காரணம் என்பது பின்னால்தான் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில், சந்தேகப்படும் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்த்தே நோயைக் கண்டுபிடித்தார்களாம். புதுப் புண் எதுவும் இல்லாமல், பழைய புண் இருக்கும் இடமே வெயிலில், காய்ச்சலில், சிறுநீர்த் தொற்றில், தூக்கம் கெட்ட நாளில், பெரிய சண்டை நடந்த ராத்திரியில் மறுபடி பேசும். ‘கோபப்பட்டா கால் இழுத்துக்கிச்சு, பாத்தியா’ என்று வீட்டில் சொல்வதில் பாதி இந்த வகைதான்.

அதனால் இப்போது என் வழக்கம் இது. ஏதாவது அறிகுறி வந்தால் முதலில் குளிர்ச்சியான இடத்துக்குப் போய், ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றி, பானைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பேன். தெர்மாமீட்டர் வைப்பேன். மறுநாளும் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை. எம்.எஸ்.ஸில் சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாததால் எரிச்சல் இல்லாமலேயே தொற்று இருக்கும், இது எனக்கு இரண்டு முறை நடந்தது. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்கும் புது அறிகுறி என்றால்தான் அது ரிலாப்ஸ் கணக்கில் வரும், அப்போது டாக்டருக்குப் போன். கண் பார்வை திடீரென்று போவது, நடக்கவே முடியாதது, மூச்சோ விழுங்குவதோ சிரமமாவது, முகம் கோணிப் பேச்சு குழறுவது, இதற்கெல்லாம் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். எம்.எஸ். உள்ளவருக்குப் பக்கவாதம் வராது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். டீச்சர் புத்தி, மூன்று கட்டம் போட்டது: எத்தனை மணி நேரம் தூங்கினேன், அன்றைக்கு என்ன நடந்தது, உடம்பு எப்படி. இரண்டு வருஷம் எழுதிய பிறகு தெரிந்தது, என்னைக் கீழே தள்ளுவது சண்டையோ அழுகையோ இல்லை, தொடர்ந்து மூன்று ராத்திரி ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான தூக்கம். அப்பாவின் நினைவு நாளில் நன்றாக அழுத வாரங்களில் என் உடம்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்குள் இருந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தது. உங்களுடையது வேறாக இருக்கலாம். எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

எதிர்த் திசையிலும் சேதி போகிறது என்பதை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அழற்சி அணுக்கள் சுரக்கும் பொருட்கள் மூளைக்குச் சேதி சொல்லி, ஜுரம் வந்தவரைப் போல ஒடுங்க வைக்கின்றன. யாரையும் பார்க்கப் பிடிக்காது, பசிக்காது, படுத்தே கிடக்கத் தோன்றும். எம்.எஸ். களைப்பின் ஒரு பங்கு இப்படி வருவதுதான். சாயங்காலம் நாலு மணிக்கு நான் சோபாவில் சரிந்தால் முதல் சில வருஷம் என் மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார், பாத்திரம் மட்டும் கொஞ்சம் சத்தமாக விழும். ஒருநாள் உட்கார வைத்துச் சொன்னேன், “அத்தை, உங்களுக்கு சிக்குன்குனியா வந்தப்ப எழுந்திரிக்க முடியாம கிடந்தீங்களே, எனக்குப் பாதி நாள் அப்படித்தான் இருக்கு.” அதற்குப் பிறகு நாலு மணிக்குக் காபி என் கைக்கே வரும். இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

மனச்சோர்வும் இந்த நோயில் ரொம்பச் சாதாரணம், துக்கத்தால் மட்டும் வருவது இல்லை, நோயே மூளையைத் தொடுவதாலும் வரும். 2022-ல் கை போனபோது எனக்கு அது வந்தது. மனநல மருத்துவரிடம் போனேன், ஏழு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், பேச்சு சிகிச்சைக்கும் போனேன். போனதில் எனக்குக் கூச்சம் இல்லை. செலவு முடியாதவர்களுக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

தினம் நான் செய்வது கொஞ்சம்தான். ராத்திரி பத்து மணிக்குப் போன் ஹாலில் சார்ஜில் இருக்கும். படுக்கும் முன் பத்து நிமிஷம், இழுப்பதைவிட நீளமாக மூச்சை விடுவேன். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பை மெதுவாக்கும், அதை நாடியில் விரல் வைத்தாலே பார்க்கலாம். என் புண்ணை அது ஆற்றும் என்று நான் நம்பவில்லை, தூக்கம் வருகிறது, எனக்கு அது போதும். அதிகாலையில் வெயில் ஏறுமுன் நடை. தலைமையாசிரியரிடம் கேட்டுத் தரைத்தள வகுப்பும், முக்கியப் பாடவேளைகளைக் காலையிலும் வாங்கிக்கொண்டேன். கேட்பதற்கு மூன்று வருஷம் தயங்கினேன், அந்த மூன்று வருஷத்தை நினைத்தால்தான் வருத்தம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயரோடு இருக்கிறது. எனவே நாம் கேட்பது சலுகை இல்லை.

போன டிரிப்புக்குப் போயிருந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், பி.காம். இரண்டாம் வருஷம், நோய் தெரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நர்ஸ் ஊசி போட வந்ததும் அவள் அம்மா சொல்ல ஆரம்பித்தார், “இவ எப்பப் பாத்தாலும் எதையாவது யோசிச்சுக்கிட்டே இருப்பா சிஸ்டர், அதனாலதான்...” அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் டிரிப் முடிந்ததும் அந்த அம்மாவை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். புயலைப் பற்றிச் சொன்னேன், அப்பாவைப் பற்றி, எலிகளைப் பற்றி, நோட்டைப் பற்றி. அவர் டீயைக் குடிக்காமல் ரொம்ப நேரம் கேட்டார். “அப்ப நான் அவள அப்படிச் சொல்லக் கூடாதாம்மா?” என்றார். “சொல்லாதீங்கக்கா. அவ நல்லாத் தூங்குறாளா, மருந்து போட்டாளான்னு மட்டும் கேளுங்க” என்றேன்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நவம்பரில் செமஸ்டர் பரீட்சை, மதியம் இரண்டு மணிக்கு மூன்றாவது மாடி, எழுத முடியுமா மிஸ் என்று கேட்டாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, டாக்டர் சான்றிதழோடு காலேஜ் தேர்வுப் பிரிவுக்கு எழுத வேண்டிய கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம்: தரைத்தளம், மின்விசிறிக்கு நேர் கீழே இடம், கூடுதல் நேரம், நடுவில் பாத்ரூம் போக அனுமதி. எழுதும்போது என் சிவப்பு மைக் கதையையும் சொன்னேன். பிறகு அவள், தன் அம்மாவின் பையிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, ஒரு கண்ணை மூடி, தாளில் ஒரு கோடு கிழித்துப் பார்த்தாள்.

“எனக்கும் இப்படித்தான் தெரிஞ்சுது மிஸ்” என்றாள்.